டவர் நாலு: நலம்

காலை பத்து மணிக்கு டவர் நாலின் பதில் கொஞ்சம் முந்திவிட்டது. அவள் மைக்கை வாயருகே கொண்டுபோய் மூச்சை இழுத்திருந்தாள், அவ்வளவுதான். பொத்தானை அழுத்தவில்லை, இன்னும் கூப்பிடவில்லை. அதற்குள் ஸ்பீக்கரிலிருந்து டக், டக் என்று இரண்டு தட்டு வந்துவிட்டது.

"என்னப்பா அவசரம் உனக்கு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நோட்டில் டவர் நாலுக்கு நேராக 'நலம்' என்று எழுதினாள்.

வெளியே 'வனப் பூங்கா கட்டுப்பாட்டு அறை' என்று பலகை பெரிதாகத்தான் இருக்கும். உள்ளே வந்தால் ஒரு மேஜை, ஒரு வயர்லெஸ், ஓயாமல் கிறீச்சிடும் ஒரு மின்விசிறி, சுவரில் காட்டின் வரைபடம், அப்புறம் அவள். வயர்லெஸ்ஸில் அவளுக்குப் பெயர் கன்ட்ரோல். பதினாலு வருஷமாக அதையே கேட்டுக் கேட்டு, கடைத்தெருவில் யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஒரு நொடி பிடிக்கும். மணிக்கு ஒரு முறை நான்கு காவல் டவர்களையும் கூப்பிட வேண்டும். தீ எங்கே, காற்று எந்தப் பக்கம், காற்றில் ஈரம் எத்தனை சதவீதம், யார் பாறையில் வழுக்கி விழுந்தது, யார் தடையை மீறி ஏரியில் குளித்தது என்று எல்லாவற்றையும் தொகுத்து நாலு மணிக்குள் தலைமை அலுவலகத்துக்கு அன்றைய அறிக்கையை அனுப்ப வேண்டும். நேற்று மொத்தம் மூன்று சம்பவம்: ஒரு கணுக்கால் முறிவு, வெயிலில் ஒரு மயக்கம், செல்ஃபி எடுக்கப் போய்க் கரடியிடம் பையைப் பறிகொடுத்த ஒரு புது மாப்பிள்ளை. பெண்டாட்டி பக்கத்திலேயே நின்று விழுந்து விழுந்து சிரித்தாளாம். அதையும் அறிக்கையில் சேர்க்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

இரண்டு தட்டு என்பது அவளே கொண்டுவந்த ஏற்பாடு. சட்டப்படி டவர்க்காரன் வாய் திறந்து பேச வேண்டும். ஆனால் மழை பெய்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. சாம்பல் படிந்து படிந்து டவர்களில் இருக்கும் சோலார் தகடுகள் சரியாக வேலை செய்வதில்லை. பேசினால் வயர்லெஸ் செட்டில் பேட்டரி தீர்ந்துவிடும். அதனால் பொத்தானை இரண்டு முறை தட்டினால் 'நலம், தீ இல்லை'. மூன்று முறை தட்டினால் 'ஆபத்து'. மற்ற மூன்று டவர்களும் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தன. டவர் இரண்டில் இருப்பவன் தேவைக்கு மேலேயே பேசுவான். டவர் நாலு மட்டும் முந்தாநாள் சாயங்காலத்திலிருந்து தட்டிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அங்கே இருப்பவனை எல்லோரும் கழுகு என்பார்கள். நல்ல கண்ணுள்ளவன், சோம்பேறி இல்லை. ரேஞ்சருக்கும் இந்த ஏற்பாடு தெரியும், தெரியாத மாதிரி இருந்தார். காரியம் நடந்தால் சரி என்பது அவர் கட்சி.

பத்தே முக்காலுக்கு அவள் கணவன் கூப்பிட்டான்.

"கன்ட்ரோல், கன்ட்ரோல், தீ ரெண்டு. ஓவர்."

தீ ரெண்டு என்றால் இரண்டாவது தீயணைப்புக் குழுவின் ஜீப். அதில் ஆறு பேர். அவன்தான் தலைவன். காடு முழுக்க அவனுக்கு மீசை என்று பெயர். வீட்டில் நாலு நாளாக அவளுக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. போன கோடையோடு தீக்குழுவை விட்டுவிடுகிறேன் என்று மகள் முன்னால் வாக்குக் கொடுத்தவன், இந்தக் கோடைக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு அதை அவளிடம் மறைத்துவிட்டான். குழுப் பட்டியலைத் தட்டச்சு செய்யும்போதுதான் அவளுக்கே தெரிந்தது. ஊருக்கெல்லாம் சேதி சொல்கிறவளுக்கு வீட்டுச் சேதி கடைசியாகத்தான் வந்தது.

"சொல்லுங்க தீ ரெண்டு."

"ஏரிக்கரைக்குப் போய், தீ பரவாம தீக்கோடு வெட்டணும். மேட்டு ரோட்ல போனா மூணு மணி நேரம் ஆகும். பள்ளத்து ரோடுன்னா முக்கால் மணி. டவர் நாலு என்ன சொல்லுது?"

டவர் நாலு நிற்பது பள்ளத்தின் தலைமாட்டில். மற்ற டவர்களுக்குப் பள்ளம் மலைமறைவு, அங்கிருந்து மட்டும் ஒரு பீடி புகைந்தாலும் தெரிந்துவிடும். அவள் கூப்பிட்டாள். "டவர் நாலு" என்பதில் 'நாலு' முடியவில்லை, டக், டக் என்று பதில் வந்தது.

வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசு என்று கழுகிடம் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் மீசை காத்துக்கொண்டிருந்தான், அவனிடம் தடுமாறுகிற மாதிரி காட்டிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. கோபக்காரிக்குக் குரல் மட்டும் தெளிவாக வரும்.

"டவர் நாலு நலம். பள்ளத்து ரோட்லயே போகலாம்."

"சரிங்க கன்ட்ரோல். அப்புறம், இன்னைக்கு வீட்ல சாப்பாடு உண்டா? ஓவர்."

ஜீப்பில் மற்ற ஐந்து பேரும் சிரிப்பது கேட்டது.

"அது இந்த அலைவரிசையில பேசுற விஷயம் இல்ல. ஓவர்."

மைக்கை வைத்த பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சாயங்காலம் மன்னித்துவிடலாம், ஆனால் கொஞ்சம் கெஞ்ச விட்டுத்தான் மன்னிக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள்.

பதினோரு மணிக்குக் காற்று திசை மாறியது. ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த சாம்பல் மெல்ல மெல்ல வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு நகர்ந்தது, கதவிடுக்கு வழியாக எரிந்த பிசினின் இனிப்பும் கசப்பும் கலந்த வாடை வந்து தொண்டையில் உட்கார்ந்தது, வெளியே வெயில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, மேஜைமேல் விழுந்த பேனாவின் நிழல் கரைந்துகொண்டே போனது. அவளால் உட்கார முடியவில்லை. எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். சாத்தினால் புழுங்கியது, திறந்தாள். பென்சில்களைச் சீவினாள். சீவியவற்றையே மறுபடியும் சீவினாள். பள்ளத்தில் செட் எடுக்காது, முக்கால் மணி நேரம் மீசையின் குரல் வராது, அது வழக்கம்தான். வழக்கம் என்று தெரிந்தும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டவர் ஒன்று பேசியது. டவர் இரண்டு காற்றைப் பற்றியும், தன் முதுகுவலியைப் பற்றியும், மழை எப்போது வரும் என்று மாமியார் சொன்னதைப் பற்றியும் பேசியது. டவர் மூன்று பேசியது. நாலை அவள் வேண்டுமென்றே கூப்பிடாமல் மைக்கை மேஜைமேல் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றாள்.

டக், டக்.

சரியாக, டவர் மூன்றுக்கு அடுத்து அவள் கூப்பிட்டிருக்க வேண்டிய நேரத்தில்.

"கழுகு," என்றாள் மைக்கை எடுத்து. "காத்து எந்தப் பக்கம் அடிக்குது?"

டக், டக்.

"பேட்டரி போனாப் போகட்டும். ஒரு வார்த்தை பேசு."

டக், டக்.

பொத்தானைத் தட்டினால் தட்டுக்கு முன்னும் பின்னும் லேசாக இரைச்சல் வரும். கூடவே டவரின் காற்று, தகரக் கூரையின் கடகடப்பு, ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். இதில் ஒன்றும் இல்லை. காய்ந்த, வெறும் சத்தம். பதினாலு வருஷமாக இந்த ஸ்பீக்கரோடு குடும்பம் நடத்துகிறவளுக்கு அது தெரியாமல் போகாது. நேற்றும் இப்படித்தான் இருந்ததா என்று யோசித்தாள். நேற்று அவள் கவனிக்கவில்லை, நேற்றைய அறிக்கையை அப்படியே நகல் எடுத்துத் தேதியை மாற்றிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டுக்கு மீசையைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. ரேஞ்சர் நுழைவாயிலில் நின்று பார்வையாளர்களின் கார்களை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"பள்ளத்துல வழியில மரம் கிரம் விழுந்திருக்கும், வெட்டிட்டுப் போவாங்க. மீசைக்கு நீ சொல்லித்தரணுமாம்மா," என்றார் ரேஞ்சர். "ஒண்ணும் ஆகாது."

அவர் சொன்னதைக் கேட்டும் அவள் மறுபடியும் தீ ரெண்டைக் கூப்பிட்டாள்.

ஒன்றேகாலுக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் ஆள் உள்ளே வந்தான். முகம் முழுக்கக் கரி. செருப்பின் அடிப்பாகம் உருகி ஒரு பக்கமாக வழிந்திருந்தது. நேராகத் தண்ணீர்க் குடத்துக்குப் போய், தம்ளரைத் தேடாமல் குடத்தையே தூக்கிக் குடித்தான். குடித்து முடித்துத் திரும்பியபோதுதான் அவளுக்கு ஆள் தெரிந்தது.

கழுகு.

"நீ எப்படி இங்க," என்றாள். "டவர்ல யாரு?"

"டவர்ல யாரும் இல்லக்கா. முந்தாநாள் சாயங்காலமே செட்டு செத்துப்போச்சு. நேத்துக் காலையில எறங்கிட்டேன். பள்ளம் முழுக்கத் தீ. மேட்டு வழியா சுத்திட்டு நடந்தே வரேன்." தோள்பையிலிருந்து செட்டை எடுத்து மேஜைமேல் வைத்தான். பேட்டரி உப்பி, ஓரத்தில் வெள்ளையாகக் கசிந்திருந்தது. "எத்தனை தட்டு தட்டினேன். ஒண்ணும் போகல."

அவள் அந்தச் செட்டைப் பார்த்தாள். கழுகும் அதையே பார்த்தான்.

ஸ்பீக்கரில் டக், டக் என்றது.

"அது யாருக்கா?"

"டவர் நாலு," என்றாள் அவள். தன் குரல் தனக்கே கேட்காத மாதிரி இருந்தது.

"மேல வேற செட்டே கிடையாதே."

நோட்டைப் புரட்டினாள். முந்தாநாள் சாயங்காலம், நேற்று முழுவதும், இன்று காலை. வரிசையாக அவள் கையெழுத்தில் நலம், நலம், நலம். அந்த நலத்தை நம்பித்தான் ஆறு பேரைப் பள்ளத்துக்குள் அனுப்பினாள். அனுப்பியது வேறு யாருமில்லை. அவன் கேட்டான், அவள் சொன்னாள். நாற்காலியில் உட்கார்ந்தாள், உட்கார்ந்த வேகத்தில் எழுந்தாள்.

"தீ ரெண்டு, கன்ட்ரோல். உடனே திரும்புங்க. பள்ளத்துல தீ இருக்கு. கேட்குதா? ஓவர்."

இரைச்சல்.

"தீ ரெண்டு. தீ ரெண்டு."

இரைச்சல்.

ரேஞ்சரிடம் சொன்னாள். "நான் பள்ளத்து வாசலுக்குப் போறேன். நீ செட்டை விட்டு நகராத," என்றார். அவர் ஜீப் கிளம்பும் சத்தம் செட்டில் கேட்டது. அவர் குரலை அவள் அப்புறம் கேட்கவே இல்லை.

கழுகு சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தான். கால் கொப்புளங்களைப் பார்த்துக்கொண்டே, கேட்காமலே சொன்னான்.

"நேத்துக் காலையில டவருக்குக் கீழ ஆளுங்க நின்னாங்கக்கா. ஏழெட்டுப் பேரு. தீக்கு முன்னாடி, பத்தடி தள்ளி. முதுகுல சூடு அடிச்சிருக்கும். ஒருத்தனும் ஓடல. மலையேற வந்தவங்கன்னு நினைச்சு மேலயிருந்து கத்தினேன். எல்லாரும் அண்ணாந்து பார்த்தாங்க. ஒருத்தனும் பேசல."

"அப்புறம்?"

"அப்புறம் நான் பின்பக்கமா எறங்கி ஓடிட்டேன். நான் பயந்தாங்கொள்ளின்னு நினைச்சுக்கோங்க, பரவால்ல."

இரண்டு மணிக்கு விளக்குப் போட வேண்டியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பத்தடி தூரத்தில் இருந்த கொடிக்கம்பம் தெரியவில்லை. புகை கண்ணாடியில் முகத்தை வைத்து அழுத்துவது போல் நின்றது. மின்விசிறி நின்று நின்று சுற்றியது. பறவை ஒன்றும் கத்தவில்லை. வாசலில் எப்போதும் குரைக்கும் நாயைக் காணோம்.

"டவர் ஒண்ணு, கன்ட்ரோல்."

டக், டக்.

அவள் மைக்கைப் பார்த்தாள். டவர் ஒன்றில் பேட்டரி இருக்கிறது. ஒரு மணிக்குக் கூடப் பேசினான்.

"டவர் ரெண்டு, கன்ட்ரோல்."

நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாமல் பேசுகிறவன். முதுகுவலி, மாமியார், எதையாவது சொல்லு. எதையாவது.

டக், டக்.

டவர் மூன்று. டக், டக்.

ரேஞ்சரின் ஜீப். டக், டக்.

"அக்கா, அதை அணைச்சிடுங்க," என்றான் கழுகு.

அவள் அணைக்கவில்லை. அணைத்துவிட்டால் மீசைக்கு இந்த உலகத்தில் யாரும் இல்லாமல் போய்விடும் என்று தோன்றியது. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அலைவரிசை ஒழுங்கு, அலுவலக மரியாதை எல்லாம் போயே போய்விட்டது.

"என்னங்க. நான்தான். எங்க இருக்கீங்க?"

இரைச்சல். பிறகு, மிக அருகில்,

டக், டக்.

"பேசுங்க. மூணு தட்டாவது தட்டுங்க. ஆபத்துன்னா மூணு தட்டுங்க."

டக், டக்.

"நம்ம பொண்ணு பேரைச் சொல்லுங்க."

டக், டக்.

அவள் அழுதாள். சத்தமில்லாமல், வாயைக் கையால் பொத்திக்கொண்டு. என் வாயால் அனுப்பினேன், என் வாயால் அனுப்பினேன் என்று மனசுக்குள் அதுவே ஓடியது.

மூன்றரைக்குத் தொலைபேசி அடித்தது. தலைமை அலுவலகம். அந்தப் பக்கம் ஒரு குமாஸ்தா, வாயில் எதையோ மென்றுகொண்டே பேசினார். "மேடம், இன்னைக்கு அறிக்கை இன்னும் வரலையே. உங்க பக்கம் எல்லாரும் நலம்தானே? நலம்னா சொல்லுங்க, நானே போட்டுக்கிறேன்."

மனிதக் குரல். அதைக் கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது.

"போடாதீங்க," என்றாள். "அந்த வார்த்தையை மட்டும் போடாதீங்க. ஆளுங்களை அனுப்புங்க. இல்ல, அனுப்பாதீங்க. யாரையும் இந்தப் பக்கம்..."

தொலைபேசி செத்துவிட்டது. விளக்கும் அணைந்தது. மின்விசிறி இன்னும் இரண்டு சுற்று சுற்றி நின்றது.

இப்போது ஸ்பீக்கரும் பேசவில்லை.

அமைதி. கழுகின் மூச்சு. அவள் மூச்சு.

பிறகு வெளியே சரளைக் கல்லில் காலடிச் சத்தம். பல பேர். அவசரமில்லாமல்.

அவள் ஜன்னலுக்கு ஓடினாள். புகைக்குள் ஓர் உருவம். அதன் பின்னால் இன்னொன்று. எண்ணினாள். ஆறு. முன்னால் வருகிறவனின் தோள் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. இருபது வருஷமாகப் பார்க்கிற சாய்வு.

"வந்துட்டாங்க," என்றாள். உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. "வந்துட்டாங்கடா கழுகு."

"ஜீப் எங்கக்கா?"

"நடந்து வந்திருப்பாங்க. நீ வரலையா நடந்து."

"நான் வர ஒண்ணரை நாள் ஆச்சு. திறக்காதீங்கக்கா."

அவள் அதற்குள் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்திருந்தாள். பின்பக்கக் கதவு அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. கழுகு ஓடிவிட்டான். ஓடட்டும். அவளுக்கு எங்கே ஓடுவது? அவள் அனுப்பிய ஆள் வாசலில் நிற்கிறான்.

திறந்தாள்.

மீசை மேல்படியில் நின்றான். சட்டை கசங்கவில்லை. மீசையில் ஒரு முடி கூடக் கருகவில்லை. ஆறு பேரும் அப்படித்தான். அந்தப் புகையில் ஒருவரும் இருமவில்லை. இடுப்பில் தண்ணீர்ப் புட்டிகள் நிறைந்தபடியே இருந்தன. அவர்கள் பக்கமிருந்து சூடு வந்தது, சூளையின் வாய் திறந்த மாதிரி.

அதையெல்லாம் அவள் பார்த்தாள். பார்த்தும் அவளால் திட்டாமல் இருக்க முடியவில்லை. திட்டினால் அவன் அசடு வழிவான். எப்போதும் வழிவான்.

"எத்தனை வாட்டிக் கூப்பிட்டேன்," என்றாள். குரல் உடைந்தது. "என் உசுரே போயிடுச்சு. இனிமே சண்டையே போட மாட்டேன், போதுமா. ஒரு வார்த்தை பதில் சொன்னா என்ன? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க?"

அவன் அவளைக் கனிவாகப் பார்த்தான்.

வாயைத் திறந்தான்.

நாக்கு இல்லை. உள்ளே கரி. தொண்டைக்கும் கீழே, ஆழத்தில், ஊதிவிட்ட அடுப்பு மாதிரி சிவப்பாக ஏதோ கனன்று கனன்று அடங்கியது. பற்கள் மட்டும் வெள்ளையாக இருந்தன.

மூடினான். திறந்தான். மூடினான்.

டக், டக்.

அவனுக்குப் பின்னால் மற்ற ஐந்து பேரும் வாயைத் திறந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், புகைக்குள், நுழைவாயில் வரைக்கும், மலையடிவாரம் வரைக்கும், எண்ண முடியாத அத்தனை வாய்களும் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்குப் பதில் சொல்லின.